எங்கள் வீட்டுப் புகைக்கூடும் அக்காவின் குருத்தோலைச் சிலுவையும்

ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியை விட்டு, குரோருட் மேட்டில் இருந்த பழைய மரவீட்டை நாங்கள் வாங்கியதற்கு என் கணவர் ஊருக்குச் சொன்ன காரணம் தோட்டம். உண்மையான காரணம் வரவேற்பறையில் நின்ற இரும்பு விறகடுப்பு. வீடு பார்க்கப் போன அன்று மற்றவர்கள் எல்லாரும் கூரையையும் நிலவறையையும் ஆராய்ந்துகொண்டிருக்க, இந்த மனிதர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அதன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் கல்லுடைத்து வாழ்ந்தவர்களின் காலத்து வீடு அது. கல் அத்திவாரம், மரச்சுவர், நடுவில் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற செங்கல் புகைக்கூடு. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் மாதா கோயில் ஆட்களில் விறகடுப்பு உள்ள ஒரே வீடு எங்களுடையது என்று. வெஸ்ட்லியிலும் ஹவுகன்ஸ்டுவாவிலும் மாடிகளில் இருப்பவர்களுக்குச் சுவரில் மின்சார ஹீற்றர்தான். அதனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில், சுவாமியார், அதாவது குருவானவர், செபித்து மந்திரித்த பொருளைக் குப்பையில் போடுவதில்லை. போன வருடத்துக் குருத்தோலை, அறுந்த செபமாலை, வெளிறிப்போன அந்தோனியார் படம், எரிந்து முடிந்த மெழுகுதிரியின் அடிக்கட்டை, எல்லாவற்றையும் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சைப் பை உண்டு, பிளாஸ்டிக்குக்கு நீலப் பை உண்டு. புனிதமானவற்றுக்கு எந்தப் பையும் கிடையாது. புதைக்கலாம் என்றால் மாடியில் மண் இல்லை, மண் உள்ள இடத்திலும் குளிர்காலம் முழுக்க அது கல்லாய் உறைந்து கிடக்கும். ஆகவே சனம் அலுமாரிக்கு மேலே பை பையாய்ச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது ஒருவன் அடுப்போடு வீடு வாங்குவானா என்று காத்திருந்திருக்கிறது.

முதலில் வந்த பை வெஸ்ட்லி அக்காவுடையது. கூடப்பிறந்த அக்கா அல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் குளிர்ச்சட்டை போடச் சொல்லித்தந்ததிலிருந்து அக்கா. அவருடைய கணவரை அத்தான் என்போம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்து மனிதர், நெடுவலான ஆள், பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, வருகிறவர்கள் எல்லாருக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்துக் கொடுப்பது அவர்தான். அந்தப் பெரிய விரல்கள் எப்படி அவ்வளவு நுணுக்கமாக மடித்தன என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

"தங்கச்சி, இதை உங்கடை அடுப்பிலை போடலாமே?" என்று அத்தான் கேட்டார். ஒரேயொரு சின்னப் பை. நான் என்ன இல்லையென்றா சொல்வேன்?

அடுத்த கிழமை மூன்று குடும்பம் வந்தது. பிறகு கணக்கில்லை. அத்தான் தன்னைத்தானே அடுப்புப் பொறுப்பாளராக நியமித்துக்கொண்டார். கதிரையை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்து, ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி, ஒவ்வொன்றாய் உள்ளே போடுவார். என் கணவர் பக்கத்தில் நின்று பைகளை எடுத்துக் கொடுப்பார். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவேன். மந்திரித்தது எது, மந்திரிக்காதது எது என்று சோதிக்க யாருமில்லாததால், தேவமாதா சொரூபத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் பூமாலைகளும் உள்ளே போயின. நான் எரிந்து விழுந்தால், "மாதாவின்ரை மாலை, தங்கச்சி" என்பார் அத்தான். அதற்கு மேல் நான் என்ன கதைக்க?

ஒரு கோடையில் அத்தான் செத்துப்போனார். நெஞ்சு இறுக்கமாயிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போன அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம், இப்போதும் கோபம்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க மழை. அதற்குள்ளே நகரசபையின் புகைக்கூடு துப்புரவாளர் ஏணியோடு வந்தார். இந்த ஊரில் அவர்கள் நாள் சொல்லிவிட்டு வந்து, கூரையில் ஏறி, கம்பித் தூரிகையை உள்ளே இறக்கி, கரியைக் கீழே தள்ளிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் தூரிகை பாதியில் நின்றுவிட்டது. மனிதர் இறங்கி வந்து, நிலவறையில் இருந்த கரிக்கதவைத் திறந்து, ஒரு கமராவை மேலே அனுப்பிப் பார்த்தார். பிறகு அடுப்பின் சாம்பலைக் கிளறினார். கிளறக் கிளறச் சின்னச் சின்ன இரும்பு இயேசுக்களும், கறுத்துப்போன பதக்கங்களும் வந்தன. அவற்றை நிலத்தில் வரிசையாக வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த அடுப்பில் நீங்கள் என்ன எரிக்கிறீர்கள்?"

என் கணவருக்குப் பொய் வராது. "மெழுகுதிரி. படங்கள். மாலைகள்."

"விறகு?"

"சில வேளைகளில் விறகும்."

நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன்.

துப்புரவாளர் சொன்னது இதுதான். புகைக்கூட்டின் தலையில் மூடி இல்லை. வருடக்கணக்காக மழை நேராய் உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரமும் கரியும் சேர்ந்தால் புளித்து, செங்கல்லுக்கு இடையில் இருக்கிற சாந்தைத் தின்றுவிடும். உள்சுவர் பல இடங்களில் வெடித்துவிட்டது. போதாததற்கு, எங்கள் மெழுகும் மாலைகளும் உருகி, கறுப்புக் கண்ணாடிபோல மேலெல்லாம் பூசிக்கிடக்கின்றன. அது ஒருநாள் தீப்பிடித்தால் வெடிப்பு வழியாக மரச்சுவருக்கு வரும். உள்ளே புதுக் குழாய் இறக்கும்வரை அடுப்பில் ஒரு தீக்குச்சியும் உரசக்கூடாது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பைகள் நின்றுபோகும், வரவேற்பறை எனக்குத் திரும்பிக் கிடைக்கும். நானே முன்னின்று எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். கடைசியாக அக்காவுக்கு எடுத்தேன்.

"அடுப்பிலை இப்ப ஒண்டும் எரிக்கேலாது, அக்கா."

"இஞ்சை அவர் கடைசியா மடிச்ச சிலுவை கிடக்குது, பிள்ளை" என்றார் அக்கா. "விபூதிப் புதனுக்கு அது சாம்பலாகி என்ரை நெத்தியிலை வரவேணும். சுவாமியோடையும் கதைச்சிட்டன். கொண்டு வாங்கோ எண்டவர்."

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தவக்காலம் தொடங்குகிற அந்தப் புதன்கிழமை, போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலால் சுவாமியார் எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார். எல்லாருடைய ஓலையும் ஒன்றாய் எரிந்து பொதுச் சாம்பலாகும். அக்காவுக்குப் பொதுச் சாம்பல் வேண்டாம். அத்தானின் கையால் மடித்த ஓலையின் சாம்பல் வேண்டும், தனியாக வேண்டும்.

"உங்கடை பல்கனியிலை ஒரு சட்டிக்குள்ளை வைச்சு எரிச்சால் என்ன, அக்கா?"

"பல்கனியிலை வைச்சுச் சுடுறதுக்கு அவர் என்ன கருவாடே?"

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவர் எரிச்ச அடுப்பிலைதான் அதுவும் எரியவேணும்" என்றார் அக்கா. அந்த வருடத்துக்குள் எரிக்காவிட்டால் அடுத்த குருத்து ஞாயிறு வந்துவிடும், புது ஓலை வந்துவிடும், இது பழைய பொருளாகிவிடும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. வரவேற்பறை போனால் போகட்டும் என்று அன்றைக்கே குழாய் போடுகிறவரைத் தேடத் தொடங்கினேன்.

கிடைத்தவர் பேர்கன்காரர். மழைக்குப் பேர்போன ஊர். புகைக்கூட்டுக்கு உள்குழாய் இறக்குவதே தொழில், இடைவிடாமல் கதைப்பது அதைவிடப் பெரிய தொழில். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "இதையெல்லாம் எங்கள் ஊரில் மழை என்று சொல்லமாட்டோம்" என்று தொடங்கினார். புகைக்கூட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருக்கிற கறுப்பைச் சுரண்டி முகர்ந்து, "இது விறகு மணம் இல்லையே" என்றார். நான் தேத்தண்ணியை நீட்டிப் பேச்சை மாற்றினேன்.

வேலை இதுதான்: முதலில் உள்ளே ஒட்டியிருக்கிற கறுப்பை இயந்திரம் விட்டுச் சுரண்டி எடுப்பது. பிறகு உச்சியிலிருந்து அடிவரை எவர்சில்வர் குழாயை இறக்கி, சுற்றிவர வெப்பம் தாங்குகிற பொருளால் நிரப்பி, தலையில் மழை புகாதபடி மூடி போடுவது. கேட்க லேசு. ஆனால் கூரையில் நிற்க வேண்டுமே. மழை விட்டதும் பனி கொட்டியது. பனி உருகி மழையானது. மழை உறைந்து கூரையெல்லாம் ஐஸ் ஆனது. பேர்கன்காரர் ஒவ்வொரு முறையும் வந்து, அண்ணாந்து பார்த்து, எங்கள் சமையலறையில் இருந்து இரண்டு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காலையில் நான் கண் விழிக்கிறதற்குள் அக்காவின் ரெலிபோன் வந்துவிடும்.

"குழாய் வந்திட்டுதே?"

"குழாய் வந்திட்டுது அக்கா. கூரையிலை ஐஸ்."

"உப்புப் போடச் சொல்லு."

"கூரைக்கோ?"

"றோட்டுக்குப் போடுறாங்கள்தானே!"

கிறிஸ்மஸ் போனது, புதுவருடம் போனது, பெப்ரவரித் தொடக்கத்து மெழுகுதிரித் திருநாளும் போனது. தவக்காலம் நெருங்க நெருங்க நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானிலை அறிக்கை பார்த்தேன். என் கணவர் அடுப்புக்கு முன்னால் போய் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு வருவார். அக்காவின் சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. கடைசிக் கிழமையில் அவர் குழாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சாப்பிட்டியே, பிள்ளை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேர்கன்காரரைக் கூப்பிட்டு, "உங்கள் ஊரில் இதை ஐஸ் என்று சொல்வீர்களா?" என்று கேட்டேன். மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாளே கயிறும் சாரமும் கொண்டு இன்னொரு ஆளோடு வந்து இறங்கினார்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் வேலை முடிந்தது. துப்புரவாளரும் வந்து பார்த்துச் சரி என்றார். முதல் நெருப்பு சின்னதாய் இருக்கவேண்டும், காய்ந்த பேர்ச் மர விறகு தவிர வேறொன்றும் கூடாது என்று பேர்கன்காரர் விரலை நீட்டி எச்சரித்தார். "காய்ந்த ஓலை ஒன்று, கைப்பிடி அளவு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "காய்ந்ததென்றால் அதுவும் விறகுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சிலுவையைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் அதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு பக்கக் கை கட்டையாய் இருந்தது.

"எல்லாருக்கும் நல்ல ஓலையைக் குடுத்துப்போட்டு மிஞ்சின துண்டிலை எனக்கு மடிச்சவர்" என்றார் அக்கா. "நொண்டிச் சிலுவை எண்டு அண்டைக்கு அவரைப் பேசினனான்."

பேர்ச் சாம்பலோடு கலந்துவிடக்கூடாது என்று என் சின்ன இரும்புத் தாச்சியை அடுப்புக்குள் வைத்தேன். புதுக் குழாய் புகையை அழகாய் இழுத்தது. அக்கா சிலுவையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நெருப்பு நல்லா வந்திட்டுது அக்கா, போடுங்கோ" என்றார் என் கணவர்.

"அவசரப்படுத்தாதை தம்பி. அவர் எப்பவும் ஆறுதலாத்தான் வெளிக்கிடுவார்."

பிறகு அவரே எழும்பி, குனிந்து, தாச்சியில் வைத்தார். ஓலை ஒரு தரம் சுருண்டது, பிடித்தது, முடிந்தது. இவ்வளவு மாதம் காத்திருந்தது இவ்வளவுக்குத்தானா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, புகையே?"

"ஓம் அக்கா, புகை."

"புதுக் குழாய், புகை வராதே" என்றார் என் கணவர். அந்த மனிதருக்கு எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியாது.

ஆறியதும் அக்கா தேக்கரண்டியால் சாம்பலை எடுத்து, கழுவிக் காயவைத்த சின்னத் தைலப் போத்தலில் போட்டுக்கொண்டார். அடியில் கொஞ்சமாய்த்தான் இருந்தது.

புதன்கிழமை காலைப் பூசையில் சுவாமியார் அந்தப் போத்தலிலிருந்தே தொட்டு அக்காவின் நெற்றியில் போட்டார். இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா கண்ணைக் காட்ட, எனக்கும் என் கணவருக்கும் அதிலிருந்தே போட்டார். மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, கறுப்பு நெற்றியோடு சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மறந்துவிட்டுப் போன ஏணியை எடுக்கப் பேர்கன்காரர் வந்தார்.

வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. சப்பாத்தையும் கழற்றாமல் வரவேற்பறைக்கு ஓடி, அடுப்புக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, குழாய் பொருந்துகிற இடத்தை டோர்ச் அடித்துத் தடவினார். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "எங்கே இருந்து வருகிறது? கரி எங்கே இருந்து வருகிறது?" என்று அவர் கேட்டது அடுப்புக்குள்ளிருந்து கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாய் திறந்து விளக்கம் சொல்லவும் முடியவில்லை.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்த நொஸ்க், இந்த ஊர்ப் பாஷை, கொஞ்சம்தான். அதில், அந்த மனிதரின் தோளைத் தொட்டு, மெதுவாய்ச் சொன்னார்.

"உங்கள் குழாயில் பிழை இல்லை. இது என் கணவர்."