நாற்பத்தைந்து கிலோ என்று எழுதிய அட்டை

உங்கள் எடை எவ்வளவு? சும்மா அடித்துவிடாதீர்கள், கடைசியாக எப்போது ஏறி நின்று பார்த்தீர்கள்? டெங்குவோடு ஆஸ்பத்திரியில் படுத்தால், நீங்கள் சொல்கிற அந்த நம்பரை வைத்துத்தான் உங்கள் நரம்பில் எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது என்று கணக்குப் போடுவார்கள். எனக்கு இது தெரியாது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். கிரேன் எவ்வளவு தூக்கும் என்று சொல்வேன், இது தெரியாது.

அக்கா ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருக்கிற பெண்களை அங்கே எடுக்கமாட்டார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்யத் தெம்பு இருக்காதாம். அந்தத் தெம்பு வருகிற மாதிரி கேண்டீனில் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டால் என்ன என்று அங்கே எவனும் யோசித்ததில்லை. அதனால் மெடிக்கல் செக்கப் அன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எடை பார்க்கிறவனுக்கும் தெரியும். அவனுக்கு நம்பர் வந்தால் போதும்.

அக்கா முப்பத்தெட்டு கிலோ. தண்ணீர் மட்டும் பத்தாது. ஐடியா கொடுத்தது நான்தான். என் பைக்கைப் பூட்டுகிற தடிச் சங்கிலியைத் துப்பட்டாவில் சுற்றி, சுடிதாருக்குள் இடுப்பில் கட்டச் சொன்னேன்.

"நடந்தா சத்தம் வருதுடா."

"கொலுசுன்னு சொல்லு."

"இடுப்புலயா, எருமை?"

இரண்டு பேரும் சிரித்தோம். அட்டையில் நாற்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போன மழைக்கு எங்கள் தெருவில் டெங்கு வந்தது. அம்மா கொஞ்சம் பெரிய உடம்பு. காய்ச்சல் தொட்டவுடனே எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து, "உடம்பு இருக்கறவங்களுக்குத்தான் இது டேஞ்சர், உடனே கூட்டிட்டுப் போ" என்றார். அன்றைக்கே சேர்த்தோம். அதே வாரம் அக்காவுக்கும் சுட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒல்லி உடம்பு, தானாகத் தப்பிக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு.

"உன்கிட்ட கொசுவுக்கு என்னக்கா கெடைக்கும்?" என்று கேட்டவன் நான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஷிப்டுக்குப் போனாள்.

அம்மா நடந்தே வீட்டுக்கு வந்த அன்று, அக்கா கம்பெனியில் லைனிலேயே மயங்கி விழுந்தாள்.

சூப்பர்வைசர்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் போனபோது நர்ஸ் எடை கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவால் எழுந்து நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர் கம்பெனி மெடிக்கல் அட்டையை நீட்டினார். நர்ஸ் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். நானும் பார்த்தேன். ஒரு நம்பர்தானே என்று விட்டேன்.

மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. ஆனால் முகம் வீங்கியிருந்தது, படுத்தால் மூச்சு வரவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு நாப்பத்தஞ்சு கிலோவா?"

"கார்டுல இருக்குதுங்க மேடம்," என்றார் பார்க்க வந்திருந்த சூப்பர்வைசர்.

அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம். சொன்னால் வேலை போகும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, டிகிரியோடு நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டுங்க மேடம். சங்கிலி கட்டி ஏறுனது," என்று கத்தினேன்.

வார்டில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஓடி வந்து டிரிப்பைக் குறைத்தார். நர்ஸைப் பார்த்து, "நாமளும் ஏத்திப் பாத்திருக்கணும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏழு கிலோவுக்கான தண்ணி சும்மா உள்ள போயிருக்குது. நெஞ்சுல கோத்துக்கிச்சு. குண்டா இருந்தாலும் ஆபத்து, இந்த மாதிரி இருந்தாலும் ஆபத்து. இவ உடம்புல தாங்கறதுக்கு எதுவுமே இல்லப்பா. வீட்ல யாரும் பாக்கலயா?"

சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்காவுக்கு ஆக்ஸிஜன் வைக்கும்போது அவர் ஆபீசுக்கு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தாள். பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பொய் சொல்ல வைத்தவர்களை எவன் எடுப்பான்?

"உன்ன யாருடா வாயத் தொறக்கச் சொன்னா?"

"செத்திருப்பக்கா."

"வேலையோட செத்திருப்பன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக ஏற்றிப் பார்த்தபோது முப்பத்தாறு. இன்று காலை சூளகிரியில் வேறொரு கம்பெனியில் மெடிக்கல் என்று கிளம்பிப் போனாள். என் பைக் வாசலில் நிற்கிறது. பூட்டுச் சங்கிலியைக் காணோம்.