மண்ணுக்குள் கிடந்த படச்சுருள்

கிள்ளான் நகரில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அமுதவள்ளிக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வேனைத் திருப்புவாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கியவள் மறுபடி ஏறி இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். “வேன் ஆன்டி, பிரேக் போட்டாச்சு லா!” என்று பிள்ளைகளே கிண்டலடிக்கும்.

இந்தச் சில்லறைப் பயங்களை எல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்கிறவள், போன வருடம் மார்பில் புற்றுநோய் என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். கணவர் காலமாகிப் பல வருடம். வீட்டில் மகள் மலர்விழி மட்டும்தான். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, மகள் எழுவதற்குள் தலையணையைத் தட்டி, தரையைப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள். தான் பயந்தது மகளுக்குத் தெரியவே தெரியாது என்று நினைப்பு. பெரிய சாமர்த்தியசாலி!

சிகிச்சை நல்லபடியாக முடிந்து, முடியும் விரற்கடை அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் மறுபரிசோதனை எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை ரிசல்ட். அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட வாரத்தில்தான், கேட் ஓரம் செம்பருத்திச் செடிக்குக் களை எடுக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். கறுப்பு நாடா ஒன்று நீளமாக வந்துகொண்டே இருந்தது. அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தது. அதற்கும் மேல், கண்ணாடி டேப் போட்டு ஒட்டிய தலைமுடி. பாதி நரை, நுனியில் மருதாணிச் சிவப்பு. ஐயோ, அது அவளுடைய முடி!

வீட்டு வாசலில், மண்ணுக்குள், குங்குமத்தோடு தன் முடி. இதற்கு என்ன பெயர் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் நோய் வந்திருக்கிறது, திரும்பவும் வரப்போகிறது. நாத்தனார் புஷ்பவல்லி முகம்தான் முதலில் வந்தது. வீட்டுப் பிரச்சினையில் முறைத்துக்கொண்டு போனவளாயிற்றே!

அடுத்த வீட்டுக் குமுதா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். “செய்வினைதான்க்கா, சந்தேகமே இல்ல. கையால தொடாதீங்க. உப்புத் தண்ணில போட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சு வைங்க. அப்புறம் ஓடுற தண்ணில விட்டுடணும்.”

அமுதவள்ளி இடுக்கியால் நாடாவைத் தூக்கி வாளியில் போட்டாள். இரண்டு பாக்கெட் உப்பு, இருக்கிற எலுமிச்சம்பழம் எல்லாம் காலி. ஊறியதும் கிள்ளான் ஆற்றில் விட்டுவிடலாம் என்று வாளியை வேனில் ஏற்றும்போது மலர்விழி ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தாள்.

“மா! என்னமா பண்றே? அது என் படம்!”

மலர்விழிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. லீவு நாளில் சேக்காளிகளோடு சேர்ந்து படம் எடுப்பாள். எடுப்பாள் என்று சொல்வதே தப்பு, கேமராவே கிடையாது. பிலிமைக் கீறுவார்கள், சாயமோ குங்குமமோ பூசுவார்கள், மண் அரிக்கட்டும் என்று அமுதவள்ளிக்குத் தெரியாமல் புதைத்தும் வைப்பார்கள். பிறகு புரொஜெக்டரில் ஓட்டுவார்கள். “ஹீரோ இல்ல, கதை இல்ல, இதெல்லாம் ஒரு படமாடி?” என்று அமுதவள்ளி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். இந்தப் படம் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஓட வேண்டியது. கையால் செய்தது, வேறு பிரதி கிடையாது.

“என் முடிய ஏண்டி எடுத்தே?”

மலர்விழி வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப்பின் இருவருக்கும் பேச்சே இல்லை. பெற்ற மகள் கெடுதல் செய்வாளா, சீ, என்று புத்தி சொன்னது. முடியைப் புதைத்தது புதைத்ததுதானே என்று பயம் சொன்னது.

சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலேயே கொமுட்டர் ரயில் ஏறிப் போனாள். ஒரு கடைக்கு மேலே சின்ன மாடி அறை, கொஞ்சம் நாற்காலிகள். கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. புரொஜெக்டர் கடகடத்தது.

சுவரில் கறுப்பும் சிவப்பும் குதித்தன. அவள் கதையைத் தேடினாள். இது யார், அது என்ன, எங்கே ஆரம்பம்? ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். தன் உப்பால்தான் கெட்டுப்போயிற்றோ என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான், மழை நாளில் ஜாமில் மாட்டி நிற்கும்போது வேன் கண்ணாடியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு கரைந்து வழிவது நினைவுக்கு வந்தது. அதை அவள் ஆசையாகப் பார்ப்பாள். மழையிடம் யார் கதை கேட்டார்கள்? தேடுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தாள்.

சிவப்புக்கு நடுவே முடி கயிறு கயிறாகப் பாய்ந்தது. சுழன்றது, பின்னிக்கொண்டது, பிரிந்தது. போகப்போகக் குறைந்தது. கடைசியில் ஒற்றை இழை மட்டும் நடுங்கிக்கொண்டு ஓடியது. உப்பு தின்ற இடமெல்லாம் வெள்ளைப் பொட்டாகப் பொரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. தலையணையில் தினமும் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய அதே பயம். அது எப்படி இந்தச் சுவருக்கு வந்தது?

விளக்கு போட்டார்கள். மலர்விழி அம்மாவைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உப்பு போட்டு நாசம் பண்ணிட்டேனா?”

“கொஞ்சம் போச்சு. இருக்கறத வச்சு ஓட்டினேன்.”

“முடிய எங்கடி எடுத்தே?”

“குப்பைலேருந்துதான். நீ பெருக்கறப்ப முழிச்சிட்டுதான் கெடப்பேன். நீ வேன எடுத்துட்டுப் போனதும் எந்திரிச்சுப் பொறுக்கி வச்சுப்பேன்.”

“எதுக்கு?”

“நீ இருப்பியான்னு தெரியல மா. கேட்டா நீ அழுவேன்னு பயந்துட்டு நான் கேக்கல. உன்னோடது ஏதாவது என்கிட்ட இருக்கட்டும்னு...”

அமுதவள்ளி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“திங்கக்கெழம ரிசல்ட்டு,” என்றாள். “எனக்கு ரொம்பப் பயமா இருக்கு மலரு. கூட வரியா?”