பதில் சரணம் சொல்லாத சமையல்காரர்: மார்கழி நடைப்பயணத்துக்கு ஆள் அமர்த்தப் போன மூன்று நாள்கள்

தொடங்கும் செயல்களுக்கெல்லாம் முன் நிற்கும் ஆனைமுகப் பெருமானே! மலைமேல் அமர்ந்து, வழி நடப்போர்க்குத் துணையாகும் தரும சாஸ்தாவே! இதனை எழுதும் கை சினத்தால் நடுங்காதிருக்கவும், எழுதுபவன் பிறர் பிழையைச் சொல்லும் வேகத்தில் தன் பிழையை மறைக்காதிருக்கவும் அருள்வீராக.

எங்கள் குழுவினர் நாற்பத்தைந்து பேர் ஆண்டுதோறும் மார்கழியில் மதுரையிலிருந்து குமுளி வரை நடந்து, அங்கிருந்து பேருந்தில் சபரிமலைக்குச் செல்கிறோம். அடியேன் பதினோரு ஆண்டுகளாக அக்குழுவின் குருசாமி. தேனிக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கில் நடக்கும் நான்கு நாள்களுக்கும் உடன் வந்து சமைத்துவந்த தலைமைச் சமையல்காரர், முழங்கால் வலியால் இவ்வாண்டு ஓய்வு பெற்றுவிட்டார். தம்மிடம் கல்யாணச் சமையல்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த முத்தையா என்பவரைத் தமக்குப் பதிலாக அமர்த்தும்படி சொல்லியனுப்பினார். முத்தையா தேவாரத்துக்காரர்; நாற்பது வயது; பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேசாதவர். அவர் சமையலைப் பார்த்து முடிவு செய்யவும், தங்குமிடங்களை உறுதி செய்யவும் ஐப்பசி மாதத்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள்கள் சென்றுவந்தேன். குழுவின் செயலாளர் சபாநாயகம் உடன் வந்தார். அவரை வீட்டிலேயே விட்டுச் சென்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு காலை 5.40க்கு ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, 7.50க்குத் தேனியில் இறங்கினோம். சுமார் எழுபத்தாறு கிலோமீட்டர். ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து பாண்டி என்பவரின் வாடகைக் கார், நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நடக்க எண்ணுவோருக்காகத் தொலைவுகளைச் சொல்கிறேன்: தேனியிலிருந்து வீரபாண்டி எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து சின்னமனூர் பதினான்கு, பின் உத்தமபாளையம் எட்டு, கம்பம் பத்து. வீரபாண்டியில் ஆற்றங்கரையில் நீராடலாம். சின்னமனூர்ச் சாலையில் நெல் லாரிகள் மிகுதி. விடியலுக்கு முன்பே அப்பகுதியைக் கடந்துவிடுவது நலம்.

காரில் பாண்டிதான் விவரம் சொன்னார். “முத்தையாண்ணே கைப்பக்குவம் இந்தப் பக்கம் அம்புட்டுப் பேருக்கும் தெரியும் சாமி. ஆனா கல்யாணத்துக்கு ஆள் பேசும்போது மட்டும் வேற ஆள் பேரச் சொல்வாக. கும்ளில ஒரு ஓட்டல்ல ஏனம் கழுவக் கூப்புட்டிருக்காக. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க தலைமைக் கரண்டியக் குடுத்தா இங்கன இருப்பாரு. உங்களப் பாத்து மத்த நடைக் கோஷ்டியும் கூப்புடும். இல்லைன்னா சீசன் முடியிற மட்டும் ஏனந்தேன்.”

உத்தமபாளையத்தை அடுத்த ஒரு மண்டபத்தில் 10.15க்கு அவரைச் சந்தித்தோம். கட்டையான உடல், இடுப்பில் துண்டு, எவரையும் நேராகப் பார்க்கும் கண்கள். சபாநாயகம் அவர் காதருகே குனிந்து, மண்டபமே அதிரும்படி, “சாம்பார் வைக்கத் தெரியுமா?” என்று கூவினார். கூவினால் கேட்கும் காது என்றால் அவரைக் காது கேளாதவர் என்று ஏன் சொல்கிறார்கள்? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. நான் செய்தது அதனினும் மோசம். ஒரு முழத் தொலைவில் நின்ற முத்தையாவை விடுத்து, மண்டப மேலாளர் ராசாங்கத்திடம், “இவருக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வரும்?” என்று கேட்டேன்.

“ஊமைதேன், ஆனா வேலைல கெட்டி சாமி. பாவம்,” என்றார் ராசாங்கம்.

முத்தையா மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து, எழுதி, என் முன் நீட்டினார்: ‘அறுநூறு பேர் வரைக்கும். கேக்குறத என்னையப் பாத்துக் கேளுங்க சாமி. உதட்டப் பாத்தா பாதி புரியும். மீசைக்காரச் சாமி கத்துறது மட்டும் தெரியுது, என்னன்னு தெரியல.’

பாண்டி சிரித்துவிட்டார். சபாநாயகம் தம் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று பகலில் பதினைந்து பேருக்குச் சமைத்தார். பூசணிக்காய்ச் சாம்பார், வாழைப்பூப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். வெங்காயம், பூண்டு இல்லாமல் அந்த மணத்தை எங்கிருந்து வரவழைத்தார் என்று தெரியவில்லை. சபாநாயகம் சாம்பாரை மும்முறை வாங்கி உண்டார். மனம் நெகிழ்ந்த நான் முத்தையாவை அழைத்து நெற்றியில் திருநீறிட்டு, அவருடைய செவிகள் திறக்கவேண்டுமென்று வடமொழியிலும் தமிழிலும் உரக்கப் பிரார்த்தித்தேன். சுற்றியிருந்தோர் கைகூப்பினர். அவரும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். பிறகு கைப்பேசியை நீட்டினார்: ‘சாமி, பெரிய அண்டா ரெண்டு வேணும்னு காலைல எழுதிக் காமிச்சேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலையே.’

உண்மைதான். காலையில் எழுதிக் காட்டியிருந்தார். நான் அதைப் படித்துத் தலையசைத்துவிட்டு மறந்துபோனேன்.

அன்று மாலை சபாநாயகத்துக்கு ஓர் ஐயம் உதித்தது. (மும்முறை சாம்பார் செரித்த பிறகுதான் உதித்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.) எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இலை போடுமுன் குருசாமி பந்தியில் நின்று சரணம் விளிப்பார். அடுக்களையிலிருந்து தலைமைச் சமையல்காரர் பதில் சரணம் சொல்வார். அந்தக் குரல் வந்த பின்னரே பரிமாறுவது. “பதில் வராமல் இலை எப்படிப் போடுவது, குருசாமி? இவர் காய் நறுக்கட்டும். தலைமைக்கு வேறொருவரைப் பார்ப்போம். பாவப்பட்ட மனிதருக்குப் பிழைப்பு கொடுத்த புண்ணியமும் வரும், வழக்கமும் கெடாது,” என்றார். மறுநாள் வழக்கப்படி முழுப் பந்தி வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மண்டபத்திலேயே தங்கினோம், அறைக்கு அறுநூறு ரூபாய், வெந்நீர் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. திங்கள்தோறும் சூரிய உதயம் முதல் மாலைப் பூசை வரை அடியேனுக்கு மௌன விரதம். முப்பது ஆண்டுப் பழக்கம். காலை 6.30க்குப் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடைக்குப் பாண்டியும் முத்தையாவும் என்னுடன் வந்தனர். நான் ஒரு விரலைக் காட்டி, சர்க்கரை வேண்டாமென்று கையசைத்தேன். “சாமி மௌன விரதமா? இருங்க சாமி, உக்காருங்க,” என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். துண்டுத் தாளும் பேனாவும் தேடி எடுத்து வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டனர். எனக்கு அடுத்து நின்ற முத்தையா அதே விரலைக் காட்டி, அதே கையசைப்பைச் செய்தார். கடைக்காரர் பாண்டியைப் பார்த்து, “ஏப்பா, இந்தாளுக்கு என்னதேன் வேணுமாம்?” என்றார்.

“இப்பத்தானண்ணே சாமிக்குப் புரிஞ்சுச்சு? அதே கை, அதே வெரல். இவருக்கு மட்டும் என்ன, மலையாளமா?” என்றார் பாண்டி.

நாற்பதாண்டுகள் பழந்தமிழ்ச் செய்யுளைப் பள்ளியில் விரித்துரைத்தவன் நான். கல்லால மரத்தடியில் வாய் திறவாமல் உபதேசித்த தென்முகக் கடவுளைப் பற்றி மேடைதோறும் மணிக்கணக்கில் பேசியவன். அந்தத் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

கம்பத்திலும் கூடலூரிலும் தங்குமிடங்களைப் பார்த்துவிட்டு 11.40க்குத் திரும்பினேன். (கூடலூர், கம்பத்துக்கு அப்பால் பத்து கிலோமீட்டர், அங்கிருந்து மலையேற்றம் தொடங்குகிறது. குடிநீரை அங்கேயே நிரப்பிக்கொள்க.) அடுக்களைக்குள் சென்று முத்தையாவின் முதுகில் தட்டினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பியதில் கரண்டியிலிருந்த கொதிநீர் அவர் புறங்கையிலேயே தெறித்தது. நான் பதறினேன். அவர் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, சுவரிலிருந்த விளக்குச் சுவிட்சைக் காட்டினார். இருமுறை போட்டு அணைத்தால் போதும், திரும்பிப் பார்ப்பார். உதவியாளர்கள் அனைவரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். மூன்று அடுப்புகளில் பானைகள் இருந்தன. அவர் ஒவ்வொரு மூடியின் மேலும் துணி சுற்றிய கரண்டிக் காம்பை வைத்து, அது அதிர்வதை விரலால் உணர்ந்து கொதியை அளந்தார். நானும் கையசைவால் சிலவற்றைக் கேட்டேன். விடைகள் உடனுக்குடன் வந்தன. அவ்வளவு விரைவாக என் மௌனத்தைப் புரிந்துகொண்டவர் முப்பது ஆண்டுகளில் எவருமில்லை; என் மனைவி உட்பட.

பகல் 1.10க்குப் பந்தி அமர்ந்தது. மண்டபத்து வேலையாள்களும் அக்கம்பக்கத்தாருமாக இருபது பேர். நான் விரதமாதலால், சோதனைக்காகவென்று சபாநாயகமே எழுந்து நின்று சரணம் விளித்தார். அடுக்களையில் முத்தையா எங்களுக்கு முதுகு காட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. சபாநாயகம் மீண்டும் விளித்தார். வடிகஞ்சியின் ஓசை மட்டும் கேட்டது. அவர் என்னை நோக்கித் திரும்பி, “பார்த்தீர்களா?” என்றார்.

அன்பர்களே, வாயைத் திறக்க முடியாத ஒரு நாளில் இப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு ஆளாவதைப் போன்ற தண்டனை வேறில்லை. தாளை எடுத்துக் கிறுக்கினேன். சபாநாயகம் கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்! ஆகவே பாண்டி வாங்கி உரக்கப் படித்தார். நான் எழுதியது: ‘பதினோரு ஆண்டுகளாக நடைப்பயணத்தில் வரும் திங்கட்கிழமைகளில் நானும் சரணம் விளித்ததில்லை. கையை மட்டுமே உயர்த்தியிருக்கிறேன். அந்நாள்களில் இலை போடப்படவில்லையா?’ பாண்டி படித்தது: “திங்கக்கெழம நானும் வாயத் தொறக்கலையே, அன்னைக்கெல்லாம் பட்டினியாவா கெடந்தீக?”

பந்தியில் சிரிப்பு எழுந்தது.

“அது விரதம், குருசாமி. இது குறை. இரண்டும் ஒன்றா?” என்றார் சபாநாயகம்.

“அதெல்லாம் அப்பறம் பேசுங்க. சோறு ஆறுது,” என்றார் ராசாங்கம்.

சிரிப்பைக் கேட்டிராவிட்டாலும், குலுங்கும் தோள்களைக் கண்டு முத்தையா வெளியே வந்தார். தாளை வாங்கிப் படித்தார். அதன் அடியில் பேனாவால் எழுதி என்னிடம் தந்தார்: ‘சாயங்காலம் ஆனா நீங்க பேசுவீக. நான் பேச மாட்டேன். அம்புட்டுத்தான் வித்தியாசம். பாவம்னு வேலை வேண்டாம். கரண்டி குடுத்தா வாரேன். காய் நறுக்க வர மாட்டேன். அஞ்சு மணிக்குக் கும்ளிக்குச் சொல்லணும்.’

“மதுரைக்குப் போய்க் குழுவைக் கூட்டி முடிவு செய்வோம்,” என்றார் சபாநாயகம். ஐந்து மணிக்குள் மதுரையும் வராது, குழுவும் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

தலைமைச் சமையல்காரரைக் குருசாமி தாம்பூலம் கொடுத்து அமர்த்துவது எங்கள் குழுவின் இன்னொரு வழக்கம். கொடுத்த தாம்பூலத்தைத் திரும்பப் பெறுவதில்லை. அதற்கு வாய்ச்சொல்லும் வேண்டியதில்லை. நான் எழுந்தேன். பூசைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன். முந்தைய நாள் அவரை விடுத்து ராசாங்கத்திடம் கேள்வி கேட்டவன், இம்முறை அடுக்களை வாசலுக்குச் சென்று, முத்தையாவின் முகம் பார்த்து நின்று, அவர் கையிலேயே தட்டைக் கொடுத்தேன். “குருசாமி, குழுவைக் கேட்காமல்…” என்று சபாநாயகத்தின் குரல் பின்னால் ஒலித்தது. அவருக்கும் நான் முதுகைத்தான் காட்டினேன்.

முத்தையா தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசை மாடத்தில் வைத்தார். பந்தியை ஒருமுறை பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் கரண்டியை எடுத்து அண்டாவின் மூடியில் ஓங்கி இரண்டு முறை தட்டினார். அவ்வளவு பெரிய பதில் சரணத்தை எங்கள் குழு இதுவரை கேட்டதில்லை. இலை போடப்பட்டது. சபாநாயகமும் உண்டார், இம்முறை இருமுறைதான் வாங்கினார்.

மாலை 6.40க்கு என் மௌனம் நிறைவுற்றது. சபாநாயகத்திடம் சொல்லப் பன்னிரண்டு வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய் காலை 9.05க்குத் தேனியில் பேருந்து ஏறினோம்.

இவ்வழியே குழுவாகச் செல்ல எண்ணுவோர்க்குச் சில சொற்கள். ஐப்பசியிலேயே சமையல்காரரை அமர்த்திவிடுங்கள். கார்த்திகை பிறந்தால் ஆள் கிடைப்பதரிது. காது கேளாத ஒருவரை அமர்த்தினால் அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். உடன் வந்தவரிடம் பேசாதீர்கள். கூவாதீர்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், அவர் கையில் கொதிநீர் இருக்கலாம். விரதத்தில் தாடி வளர்ப்போர் உதட்டருகே மட்டுமேனும் கத்தரித்துக்கொள்வது பேருதவி. ஒருவர் சாம்பாரை மும்முறை வாங்கி உண்டுவிட்டு, அவரைக் காய் நறுக்க அனுப்பாதீர்கள். வேலை தெரிந்தால் வேலையைக் கொடுங்கள். அவருக்காகப் பிரார்த்திக்கத் தோன்றினால், முதலில் அவர் என்ன கேட்டார் என்பதை நினைவுகூருங்கள்.

சபாநாயகம் குழுவின் வாட்ஸ்ஆப்பில் இன்னமும் ‘அந்தப் பாவப்பட்ட மனிதர்’ என்றே எழுதுகிறார். ‘தலைமைச் சமையல்காரர் முத்தையா’ என்று நான் திருத்துகிறேன். நேற்றுடன் ஐந்து முறை ஆயிற்று. பெரிய அண்டாக்கள் இரண்டும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வந்து சேர்ந்ததும் முத்தையா படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: ‘இப்பத்தான் சாமி உங்க பிரார்த்தன பலிச்சுச்சு.’

இதனை வாசிக்கும் உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் இல்லத்துப் பந்தியில் எவர் இலையும் எவர் பதிலுக்காகவும் காத்திராதிருக்கட்டும். உங்கள் மக்களும் சுற்றமும், உங்களிடம் வேலை செய்வோரும் அவர்தம் வீட்டாரும் நோயின்றி, குறையின்றி, மதிப்போடு நெடிது வாழ ஐயன் அருள் புரிவானாக.