குட்டைக்கோழிக் குஞ்சுகள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்கான லயத்து வரிசை வீடு ஒன்றில் நாங்கள் இருந்தபோது, என் தங்கைப் பாப்பா காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பின் அம்மா யாரோடும் பேசவில்லை; தங்கைக்கு வைத்த பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. உத்திரத்தில் கட்டிய தூளியை அவிழ்க்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்; எதற்கும் வழி எனக்குத் தெரியும் என்று நினைப்பு. அம்மாவின் மனத்தைத் திருப்ப, கிள்ளான் பாசார் சந்தையில் நான்கு கோழிக்குஞ்சுகள் வாங்கினேன்.

"காலைப் பாரு தம்பி, எவ்ளோ குட்டை! வளந்தாலும் இந்த ஜாதி சின்னதாத்தான் இருக்கும். குளிர் மட்டும் ஆகாது," என்றார் விற்ற அக்கா.

வீடு சேர்வதற்குள் மழை கொட்டிவிட்டது. குஞ்சுகளைச் சாக்கில் சுற்றி அடுப்பருகே வைத்தும் கத்தல் ஓயவில்லை. ஒன்று தலையைத் தொங்கப்போட்டது.

அம்மா எழுந்து வந்து தூளியை அவிழ்த்தார். குஞ்சுகளை அதில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏய், அது பாப்பா துணிடி," என்றார் அப்பா.

"தெரியுங்க. இதுங்களுக்குக் குளுருதே."

மற்றவை அடங்கித் தூங்கின. தலை தொங்கிய குஞ்சு பிழைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கதறி அழுதார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

அம்மா மறக்கட்டும் என்றுதான் நான் குஞ்சுகளை வாங்கினேன். ஆனால் அன்றுதான் எங்கள் வீட்டில் தங்கையின் பெயரை மறுபடியும் சொல்ல முடிந்தது. முதலில் சொன்னவர் அப்பா.