முன்னறைக்கு நான் போட்ட டைல்ஸ்

என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஏழு மாதம் ஆகியிருந்தபோது நான் முதன்முதலாக டைல்ஸ் போட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரகடம் பக்கம் வேலை பார்த்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் பழகி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டோம். அவள் செல்போன் செய்யும் இடத்தில் அசெம்பிளி லைனில் நின்றாள். நான் கார் கதவு செய்யும் இடத்தில் குவாலிட்டி. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை கேஜ் வைத்து அளந்து, மயிரிழை கூடினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அவள் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. முதுகெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து மண்ணூர் வீட்டுக்குச் சக்கர நாற்காலியில் திரும்பினாள்.

முன்னறையில்தான் கட்டில் போட்டிருந்தோம். அங்கே சிமெண்ட் தரை, பல இடங்களில் பெயர்ந்து குழி விழுந்திருந்தது. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. குழியில் இறங்கினால் ஏறாது. கட்டிலிலிருந்து வாசல் பத்துப் பன்னிரண்டு அடிதான். அதற்கும் என்னையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிட வேண்டும். போகப் போகக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். காலையில் நான் விட்டுப் போன இடத்தில் மாலையும் இருப்பாள்.

"வாசல் வரைக்கும் நானே போனா போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் ஒரு நாள்.

கொத்தனார் யாரும் கிடைக்கவில்லை. எல்லோரும் அபார்ட்மெண்ட் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னார். பொங்கலுக்கு நான்கு மாதம் இருந்தது. போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். கதவு இடுக்கை அளக்கிறவனுக்குத் தரை என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. அந்த நினைப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் கடையிலிருந்து படம் அனுப்பினேன். தந்த நிறத்தில் பளபளவென்று இருந்த போர்சலின் டைல்ஸை அவளே தேர்ந்தெடுத்தாள். இரண்டடிக்கு இரண்டடி. ஒட்டுவதற்குப் பசை மூட்டை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், வீட்டில் சிமெண்ட் இருக்கிறது என்றேன். காசுக்காகச் சொல்லவில்லை. தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ளச் சொன்னேன்.

மூன்று நாள் லீவு போட்டு, அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டேன். பாத்ரூம் டைல்ஸை ஊறவைத்து ஒட்டுவார்கள் என்று எப்போதோ கேட்டிருந்ததால், எல்லாவற்றையும் முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டேன். உள்மூலையில் சுவரை ஒட்டி ஆரம்பித்தேன். நாலு மூலைக்கும் நடுவுக்கும் சிமெண்ட்டை உருண்டையாக வைத்து, மேலே டைல்ஸை அமுக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ஒரு மூலையைத் தட்டினால் எதிர்மூலை தூக்கிக்கொண்டது. சுவரே நேராக இல்லை என்பது மூன்றாவது வரிசையில்தான் தெரிந்தது. வாசல் பக்கம் போய்ச் சேரும்போது நாலு விரல் கோணல். வெட்டும் மிஷினில் நான்கு டைல்ஸ் உடைந்தன. இரண்டாம் நாள் முழங்காலை மடக்க முடியவில்லை. கை வைத்துத் தடவினால் அங்கங்கே விளிம்பு தட்டியது. லைனில் வந்திருந்தால் பாதிக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். என் வீடு என்பதால் ஒட்டவில்லை.

எல்லாம் காய்ந்ததும் அவளைக் கூட்டிவந்து, நாற்காலியைக் கட்டிலோரம் விட்டுவிட்டு நான் தள்ளி நின்றேன். அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி கட்டில் வரைக்கும் வந்து, மறுபடி வாசலுக்குப் போனாள்.

அப்புறம் பதினோரு நாள், நான் ஷிஃப்ட் முடித்து வரும்போது வாசலில் இருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டு. சக்கரம் போகும்போது அடியில் டொக் டொக் என்று சத்தம் வருவதாகச் சொன்னாள். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாவுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு நான் வந்தபோது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ஒரு டைல்ஸ் பெயர்ந்து, அதன் விளிம்பு ஒரு விரல் உயரம் தூக்கியிருந்தது. அவள் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. போன் கட்டில் மேல் இருந்தது.

தூக்கி உட்கார வைத்தேன். எப்போது விழுந்தாய் என்று கேட்டேன். பத்து மணி இருக்கும் என்றாள்.

"கத்தலயா?"

"கத்துனேன். அப்பறம் வுட்டுட்டேன்." வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நவுந்து போலாம்னு பாத்தேன். புடிக்க ஒண்ணும் இல்ல. கை வழுக்கிக்கினே போச்சு" என்றாள்.

மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு வருவதாகச் சொன்ன கொத்தனாரின் வீட்டுக்கே போய்க் கெஞ்சி, அவரைக் கூட்டிவந்தேன். அவர் சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கரண்டியை விளிம்பில் விட்டு நெம்பியதும் ஒரு டைல்ஸ் அப்படியே முழுசாகக் கையோடு வந்தது. பின்பக்கத்தில் ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டவில்லை. கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது.

"அண்ணா, இது தண்ணி குடிக்காத டைல்ஸ். இத்தப் போயி ஊற வெச்சி, வெறும் சிமெண்ட்ட வெச்சா எப்டிப் புடிக்கும்? அடியில பாதி காலியா கீது" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பசை போட்டு மறுபடி பதித்தார். கோலி உருட்டினால் நேராக ஓடும் தரை. கை கூடிய பிறகு நாற்காலியைக் கட்டிலோரம் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதுகில் புண் வந்ததும், பென்னலூரில் இருக்கும் அவள் அக்கா வந்து, கொஞ்ச நாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டிப்போனாள்.

ஆறு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனியில் ஓவர்டைம் இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது, இல்லை என்று ஏதாவது சொல்வேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"வந்து?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.