நைரோபி வீட்டுக் கட்டில்

அடுப்பில் புளித்த சோளக்கூழ் பொங்கி வரும் நேரத்தில் செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்றில் திருட்டுத்தனமாக இறங்கியவர்கள் மேல் பாறை சரிந்துவிட்டது. பீலோ உள்ளேயே கிடக்கிறான், உயிரோடு இல்லை. அவனோடு இறங்கித் தப்பிய உறவினர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இதைச் சொன்னார். அவர் போர்த்தியிருந்த கம்பளியில் பனி உருகிக்கொண்டிருந்தது.

பீலோவின் தாய் மாபீலோ அழவில்லை. கூழை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள். சாவு விழுந்த வீட்டில் அறையைக் காலி செய்து தரையில் மெத்தை போட வேண்டும்; தாயும் மனைவியும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கட்டில் பாதி வெளியே வந்து அறை வாசலில் குறுக்கே நின்றபோது, அவள் கணவர் தூமெலோ அதன் மேல் கையை வைத்தார்.

"விடு. நாளன்னிக்கு வரைக்கும் இந்த வீட்ல யாரும் சாகல."

பீலோவின் மனைவி மதாபோ அப்போது மொராக்கோவில் இருந்தாள், ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிக்குப் போன லெசோத்தோ அணியோடு. நாளை மறுநாள் அவளுக்கு அரை மராத்தான்.

தூமெலோவும் ஒரு காலத்தில் அந்தப் போட்டிக்குப் போனவர்தான், குத்துச்சண்டைக்கு. நைரோபியில் முதல் சுற்றிலேயே விழுந்தார்; நடுவர் பத்து எண்ணி முடித்த பிறகுதான் கண் திறந்தார். அப்புறம் சுரங்க வேலை, நெஞ்சில் தூசு, ஊரில் நாலைந்து மாடு. ஒவ்வொரு முறை போட்டி வரும்போதும் வானொலியைக் காதோடு வைத்துக்கொள்வார். மலைகளுக்கு நடுவில் கிடக்கும் இந்தச் சின்ன நாட்டின் பெயர் பெரும்பாலும் தொடக்க நாள் அணிவகுப்பில் ஒருமுறை காதில் விழும். பிறகெல்லாம் அடுத்த நாடுகளின் தேசிய கீதம்தான். எப்போதாவது ஒரு பதக்கம் வந்தால் அந்த வாரம் முழுக்க அதையே பேசுவார். பக்கத்து வீட்டு லெபோனா காலைதோறும் வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார், "என்ன நைரோபி, எண்ணி முடிச்சாச்சா?" முப்பது வருஷத்துக் கிண்டல்.

தலையில் தண்ணீர் வாளியோடு மருமகள் மலையேறும் வேகத்தை முதலில் கவனித்தவரும் தூமெலோதான். அவளிடம் சொல்லவில்லை. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் பெயரைக்கூட அவள் உச்சரிக்கக் கூடாது. அதனால் அவள் காதில் விழும்படி நாயிடம் சொன்னார், "இந்த வீட்ல ஒருத்தி குதிரை மாதிரி ஏறுறா. ஓடிப் பாத்தா என்னவாம்?" அப்படித்தான் அவள் ஓட ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அவர் அவளுக்குச் சொன்னதெல்லாம் நாய் வழியாகவோ மாபீலோ வழியாகவோ போனதுதான்.

ஓட்டம் முடியும்வரை யாரும் கைப்பேசியில் ஒரு வார்த்தை அனுப்பக் கூடாது என்று ஊர்த்தலைவரிடம் போய்க் கேட்டுக்கொண்டார். தலைவர் ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது லெபோனா எதிரே வந்தார். தொப்பியைத் தொட்டு, "வணக்கம் ஐயா" என்றார். முப்பது வருஷத்தில் முதல் முறையாக 'நைரோபி' இல்லை. அன்று முழுக்க அந்தப் பக்கம் போன பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். குதிரையில் வந்தவர்கள் அவர் வீட்டருகே இறங்கி நடந்தார்கள்.

சாயங்காலம் மதாபோ வழக்கம்போல் கூப்பிட்டாள். கைப்பேசியைக் காதில் வைத்த மாபீலோ அதைச் சட்டென்று கீழே இறக்கினாள். தூமெலோ அதை வாங்கினார்.

"மதாபோ, எல்லாரும் நல்லா இருக்கோம்மா. மாடு நல்லா இருக்கு. பீலோவும் நல்லா இருக்கான். நீ ஓடு."

மதாபோ மெதுவாகக் கேட்டாள்.

"நாய் வீட்ல இல்லையா?"

"இருக்கே."

"சரிங்க. ஓடுறேன்."

தொடர்பு அறுந்தது. லெபோனா தொப்பியைத் தொட்டது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"சொல்லிட்டீங்க," என்றாள் மாபீலோ.

மறுநாள் மதாபோ கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் இருவரும் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். லெபோனா வந்து உள்ளே நுழையாமல் கதவோரம் நின்றார். எத்தியோப்பியர்கள், கென்யர்கள் என்று பெயர்கள் ஓடின. பாதி வழிக்கு மேல் மதாபோவின் பெயர் வந்தது. பிறகு அது பின்னால் போகவே இல்லை. மூன்றாவதாக வந்தாள். கீழே ஊருக்குள் பெண்கள் குலவையிட்டார்கள். இட்ட வேகத்திலேயே அது நின்றுபோனது.

"நைரோபி..." என்று ஆரம்பித்த லெபோனா வாயை மூடிக்கொண்டார்.

அறிவிப்பாளர் அவர்கள் நாட்டுத் தலைநகர்க்காரர். மகிழ்ச்சியில் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம பொண்ணு மேடைக்கு இன்னும் வரல... கூப்பிடுறாங்க. அடிபட்டிருக்கும் போல. ஓரத்துல, தரையில உக்காந்திருக்கா. முகத்த சுவர் பக்கமா..."

அவர் குரல் அங்கே நின்றது. அதன் பிறகு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாபீலோ எழுந்து போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். தூமெலோ மறுமுனைக்குப் போனார். அதன் ஒரு கால் கதவு நிலையில் சிக்கியிருந்தது. கட்டில் பாதிக்கு மேல் வெளியே வரவில்லை.