லிண்டலுக்கு அடியில் போன பலகை

நான் இதுவரை செய்த கிட்டார்களில் ஒன்றாவது ஒழுங்காகச் சுருதியில் நின்றதில்லை. கல்முனைக்குடியில் பகல் முழுக்க சிம் கார்டும் போன் றீலோட் அட்டையும் விற்கிறவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒட்டுப்பலகையில் உடம்பு செய்யலாம், சைக்கிள் கம்பியை வெட்டிச் சுரக்கட்டைகளாகப் பதிக்கலாம். கழுத்து மட்டும் ஏமாற்ற விடாது. கடல் காற்றில் ஈரம் குடித்து வளைந்துவிடும். பிறகு அதில் விரலை எங்கே வைத்தாலும் அபசுரம்தான்.

அதனால்தான் கழுத்துக்கென்று ஒரு பலாப்பலகைக்காக அவ்வளவு பாடுபட்டேன். நாவிதன்வெளியில் வயல் செய்யும் ஒரு கூட்டாளியின் வளவில் மரம் விழுந்தபோது கேட்டு வாங்கிவந்தது. வெயில் படாமல், தண்ணீர் படாமல், கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து அதன்மேல் கிடத்தி வருடக்கணக்காகக் காய வைத்தேன். மாரிக்கு மாரி எடுத்துத் துடைத்தேன். அது வளையவே இல்லை. போன மாதம் நான்கு பக்கமும் சீவி, நூல் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு நேர். அன்று எனக்கு வந்த சந்தோசத்தை வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நானும் அப்படிச் சாய்ந்தமருதுக்கு வந்தவன்தான். இருப்பது மனைவியின் வீடு, கட்டுவது மகளின் வீடு. ஒரு கிட்டாரை மாட்ட ஆணி அடிப்பதற்கும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டிய பிழைப்பு. மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள், வளவின் பின்பக்கம் அவளுடைய வீடு, வாசலுக்கு மேலே போடும் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஒருநாள் கடை பூட்டி வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தால் செங்கல் மட்டும் இருக்கிறது.

“மேசனுக்கு ஒரு பலகை குறைஞ்சு போச்சு. கொங்கிறீட்டும் குழைச்சிட்டாங்க. சும்மாதானே கிடந்த, எடுத்துக் குடுத்தன்” என்றாள் மனைவி.

“சும்மாவா கிடந்த?”

“கட்டிலுக்குக் கீழ படுத்துக் கிடந்த பலகைக்கு என்ன வேலை இரிக்கி?”

பின்னால் ஓடினேன். அறை வாசலுக்கு மேலே, ஈரக் கொங்கிறீட்டைத் தாங்கிக்கொண்டு என் பலகை. மேசன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“கொங்கிறீட் ஒட்டப்படா எண்டு நல்லாக் கறுத்த ஒயில் பூசித்தான் அடிச்ச. இப்படி நேரான பலகை நான் கண்டதில்ல. லிண்டலும் அப்படி வந்திரிக்கி, பாருங்க” என்றார். பாராட்டுகிறாராம்!

“எப்ப கழட்டலாம்?”

“அவசரப்பட ஏலா. ஒரு கிழமையாவது கிடக்கணும். காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்துங்க. அது வீட்டுக்காரர்ர வேலை.”

ஒயில் மேலோடு சீவினால் போய்விடும், ஆணித் துளையை அடைக்கலாம். ஆனால் ஒரு வாரம் தண்ணீர் குடித்தால் அந்தப் பலகை செத்தது. இரவு முழுக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் ஆணி பிடுங்கியும் வேறொரு பலகையும் எடுத்துக்கொண்டு போனேன். மெதுவாகக் கழற்றி மாற்றிவிடலாம், கொங்கிறீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

மகள் பள்ளிக்கூட உடுப்போடு தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தாள். அவளுடைய உம்மா அனுப்பியிருக்கிறாள்.

“வாப்பா, இது என்ட அறை வாசல்தானே?”

“ஓம்.”

“அப்ப நல்லா ஊத்துங்க. மறுகா வெடிச்சா நான்தானே இதுக்குக் கீழால போய் வாற.”

சொல்லிவிட்டு, இன்னும் கதவில்லாத அந்த வாசலுக்குள் நுழைந்து நின்று மேலே பார்த்தாள். என் கையில் ஆணி பிடுங்கி. எரிச்சலில் அதைக் கீழே மணலில் எறிந்தேன்.

“அதுக்குள்ள நிக்காத, இஞ்சால வா” என்று கத்தினேன். வாளியை வாங்கி ஊற்றினேன். தண்ணீர் லிண்டலில் ஓடி, இத்தனை வருடம் ஒரு சொட்டுப் படாமல் நான் வைத்திருந்த பலகையில் இறங்கி, ஓரத்தால் ஒழுகியது.

“போதுமா வாப்பா?” என்றாள்.

“காணாது. இன்னொரு வாளி கொண்டா.”